எந்தப் பெட்டியில் போடுவது? உயிரினம், நோய், தவறு மூன்றையும் வகைப்படுத்தப் பழகுபவர்களுக்கு

ஒருவர் காட்டோரத்தில் காளான் பறித்து வந்து சமைத்துச் சாப்பிடுகிறார். பிறந்த நாட்டில் சின்ன வயதிலிருந்து பறித்துத் தின்ற அதே வைக்கோல் காளான் என்றுதான் நினைத்தார். இப்போது அவர் இருப்பது வேறு கண்டம். அன்று இரவு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கிறது.

இந்த ஒரு சம்பவத்தை மூன்று பேர் மூன்று படிவங்களில் எழுதப் போகிறார்கள். காளான்களைப் பற்றித் தெரிந்தவர் மிச்சமிருக்கும் துண்டைப் பார்த்து எந்தச் சிற்றினம் என்று எழுதுவார். மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் கோடர், டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து நோய்க்கு ஒரு குறியீடு போடுவார். இன்னொருவருக்கு இப்படி நேராமல் பார்க்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர், இது என்ன மாதிரித் தவறு என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பார். மூவர் செய்வதும் வகைப்படுத்தல்தான். ஆனால் ஒருவருடைய பெட்டி இன்னொருவருக்கு உதவாது.

நான் பல வருடம் நோய்க் குறியீட்டு வேலை பார்த்தவன். மற்ற இரண்டும் அந்த வேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவை. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவு பெரிய அட்டவணையை எப்படி சார் மனப்பாடம் செய்வது?" செய்யவே வேண்டாம். கீழே உள்ள வரிசையில் பழகினால் போதும்.

படி 1: பெட்டியைச் செய்தவர் என்ன கேட்டார் என்று பாருங்கள்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, மனிதர் ஆறறிவு. இந்த உயிர் உலகத்தை எத்தனை வழிகளில் அறிகிறது என்பது அங்கே கேள்வி. அப்படிக் கேட்டால் கறையானும் எறும்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது நியாயம். இன்றைய உயிரியல் வேறொன்றைக் கேட்கிறது: இது யார் வழியில் வந்தது? அப்போது எறும்பு தேனீக்கு உறவாகிவிடும், கறையான் கரப்பான் பூச்சிக்கு உறவாகிவிடும். ராணி, வேலைக்காரர்கள், கூட்டு வாழ்க்கை எல்லாம் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனியாக வந்து சேர்ந்தவை.

கேள்வி மாறினால் பெட்டி மாறும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸே சாட்சி. 1735-இல் வெளிவந்த அவருடைய இயற்கை அட்டவணையின் முதல் பதிப்பில் திமிங்கிலம் மீன்களோடு இருந்தது. 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதைப் பாலூட்டிகளுக்கு மாற்றினார். நீரில் வாழ்கிறதா என்ற கேள்வி பின்னால் போய், குட்டி போட்டுப் பால் கொடுக்கிறதா என்பது முன்னால் வந்தது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு அந்த 1758-தான் இன்றும் தொடக்கக் கோடு. தாவரங்களுக்கு 1753.

நம் பேச்சு வழக்கும் ஒரு வகைப்பாடுதான். நட்சத்திர மீன், ஜெல்லி மீன் இரண்டும் மீன் இல்லை. உண்மையான மீன்களை எடுத்துக்கொண்டாலும் வம்புதான். வம்சாவளிப்படி பார்த்தால் நுரையீரல் மீன், கெண்டையைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். முதலையும் அப்படியே. பல்லியைவிடப் பறவைக்கு நெருக்கம். அதற்காக மீனவர் 'மீன்' என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. வலையில் என்ன விழுந்தது என்பது அவர் கேள்வி. அதற்கு அந்தச் சொல் தாராளமாகப் போதும்.

மருத்துவத்தில் கேள்வி சாவிலிருந்து தொடங்கியது. லண்டனில் வாராவாரம் அச்சான சாவுப் பட்டியல்களை வைத்து 1662-இல் ஜான் கிரான்ட் எண்ணிக்கை போட்டார். அந்தப் பட்டியல்களில் சாவுக்கான காரணங்களாக 'பற்கள்', 'திடீரென்று', 'துயரம்', 'கிரகம்' என்றெல்லாம் இருக்கும். பல் முளைக்கும் வயதில் இறந்த குழந்தைகள் 'பற்கள்' பெட்டிக்குப் போனார்கள். சிரிக்க வேண்டாம். 'முதுமை' என்ற பெட்டி நம்மிடம் இன்னும் இருக்கிறது. 1893-இல் ஷாக் பெர்த்தியோன் சாவுக் காரணங்களுக்கு ஒரு பன்னாட்டுப் பட்டியல் தயாரித்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்தபோது ஆறாம் திருத்தம். அப்போதுதான் சாகாமல் படுத்திருப்பவர்களின் நோய்களும் அதில் முறையாகச் சேர்ந்தன. அதன் வழித்தோன்றல்தான் இன்று எல்லோரும் ஐசிடி என்று சொல்லும் பன்னாட்டு நோய் வகைப்பாடு.

எண்ணிக்கைக்காகப் பிறந்ததால் ஐசிடிக்கு ஒரே கொள்கை கிடையாது. தொற்று நோய்களைக் கிருமியை வைத்துப் பிரிக்கும். இதய நோய்களை உறுப்பை வைத்து. பிரசவத்தைக் காலத்தை வைத்து. காயங்களை எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று இரண்டு விதமாக. அதனால்தான் நுரையீரல் காசநோய் சுவாச நோய்களில் இல்லாமல் தொற்று நோய்களில் இருக்கிறது. முதல் மாதத்தில் இது எல்லோரையும் எரிச்சல்படுத்தும். வீட்டு அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். குடையைத் துணியோடு வைக்காமல் வாசல் பக்கம் மாட்டுகிறோம் இல்லையா?

தவறுகளுக்கான வகைப்பாடு மூன்றிலும் இளையது. அது கேட்பது: எதை மாற்றினால் அடுத்த முறை இது நடக்காது?

படி 2: சட்டகத்தின் வடிவத்தைக் கையால் தொட்டுப் பழகுங்கள்

உயிரியலின் ஏணியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். உலகத்துக்கும் மேலே பேரரங்கு என்று ஒரு படி 1990-இல் வந்தது. பாக்டீரியா போலத் தெரியும் ஒரு கூட்டம் உண்மையில் வேறு வம்சம் என்று கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் ஆர்என்ஏ ஒப்பீட்டில் காட்டியதன் விளைவு அது. தினசரி வேலைக்கு வேண்டியது கடைசி இரண்டு படிகள். தக்காளி, கத்தரி, உருளை மூன்றின் பெயரும் 'சொலானம்' என்று தொடங்கும். மூன்றும் ஒரே பேரினம். சர்க்கரைவள்ளி அந்தப் பக்கமே வராது, அதன் பெயர் 'ஐப்போமியா'. உருளையையும் சர்க்கரைவள்ளியையும் நாம் கிழங்கு என்கிறோம். உறவு அவ்வளவுதான்.

ஐசிடி பத்தாம் திருத்தத்தில் ஒரு குறியீடு இப்படி இருக்கும்: முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு இரண்டு இலக்கம், ஒரு புள்ளி, அதற்கப்புறம் இன்னோர் இலக்கம். ஏ00 என்றால் காலரா. ஐ21 என்றால் புதிதாக வந்த மாரடைப்பு. புள்ளிக்குப் பின்னால் வருவது நுணுக்கம்.

இங்கே ஒரு கதை. தொலைபேசியில் ஒருவர் குறியீடு சொல்ல, நான் எழுதிக்கொண்டிருந்தேன். "டி 62" என்றார். 'டெல்டா'வில் வரும் டியைப் (D) போட்டேன். அது ரத்தம் அதிகம் போனதால் வரும் திடீர் ரத்தசோகை. அவர் சொன்னது 'டேங்கோ'வில் வரும் டி (T), அதாவது விஷமுள்ள ஒன்றை உணவாகச் சாப்பிட்டதால் வந்த பாதிப்பு. அவர் தொடர்ந்து "புள்ளி பூஜ்யம்" என்றபோது கணினி ஏற்க மறுத்துவிட்டது. ரத்தசோகைக் குறியீட்டுக்குப் புள்ளிக்கு அப்புறம் ஒன்றும் கிடையாது. அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் ஒரு விஷக்காளான் நோயாளி என் கணக்கில் ரத்தசோகைக்காரராகவே இருந்திருப்பார். அதிலிருந்து எழுத்தைச் சொல் வைத்துத்தான் சொல்வது, கேட்பது. தமிழில் எழுதினால் இரண்டு டியும் ஒன்றுதான் என்பதால் நமக்கு இது கூடுதல் ஆபத்து.

இதே மாதிரி வலி பலருக்கு இருந்திருக்க வேண்டும். 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தின் குறியீடுகளில் 'ஓ', 'ஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளே இல்லை. பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் என்று எடுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் கண்டிப்பாக ஓர் எழுத்து வரும். பழைய குறியீட்டில் அந்த இடத்தில் இலக்கம்தான் இருக்கும் என்பதால் பார்த்த மாத்திரத்தில் எது எந்தத் திருத்தம் என்று தெரிந்துவிடும். காலரா அங்கே 1ஏ00.

படி 3: பெயர் பிறகு, விவரம் முதலில்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பார்த்தவுடன் பெயர் வைப்பது. பெயர் வைத்த பிறகு கண் அந்தப் பெயருக்கு ஒத்ததை மட்டுமே பார்க்கும்.

உயிரியலில் இதற்கு மருந்து திறவுகோல். ஒவ்வொரு படியிலும் எதிரெதிரான இரண்டு கூற்று இருக்கும். கால் ஆறா, எட்டா? ஆறு என்றால் இந்த எண்ணுக்குப் போ, எட்டு என்றால் அந்த எண்ணுக்குப் போ. பழகும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். இரண்டு கூற்றையும் முழுதாகப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். முதலாவது பொருந்துகிறதே என்று தாவினால் இரண்டாவது இன்னும் நன்றாகப் பொருந்துவது தெரியாமல் போகும். கேட்கும் உறுப்பு உங்கள் மாதிரியில் இல்லையென்றால் இரண்டு கிளையிலும் போய்ப் பாருங்கள், ஒன்று சீக்கிரமே அபத்தத்தில் முடியும். மூன்றாவது முக்கியம்: திறவுகோலுக்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. உங்கள் கையில் இருப்பது அதில் இல்லாத உயிரினம் என்றாலும் கடைசியில் ஏதோ ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எந்தப் பகுதிக்கு எழுதிய திறவுகோல் என்று அட்டையிலேயே பார்த்துவிடுங்கள். வந்த பெயரை முழு விவரிப்போடும் படத்தோடும் ஒப்பிடாமல் எழுத வேண்டாம்.

நம் காளான்காரர் மாட்டிக்கொண்டது இங்கேதான். வைக்கோல் காளானும் (வோல்வரியெல்லா வோல்வேசியா) மரணக் குல்லாய் எனப்படும் அமனிட்டா ஃபல்லாய்டஸும் இளம் பருவத்தில் முட்டை மாதிரி ஓர் உறைக்குள் இருக்கும். இரண்டின் அடியிலும் கிண்ணம் போன்ற உறை மிஞ்சும். வித்து அச்சு எடுத்தால் ரகசியம் வெளியே வரும். முற்றிய குல்லாயைத் தண்டிலிருந்து பிரித்து, அடிப்பக்கத்துத் தகடுகள் கீழே பார்க்கும்படி காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடுவார்கள். காலையில் காகிதத்தில் படிந்திருக்கும் தூள் இளஞ்சிவப்பு என்றால் வைக்கோல் காளான் பக்கம். வெள்ளை என்றால் அமனிட்டா பக்கம். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைத் தூள் தெரியாது என்பதால் பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதம் வைப்பது வழக்கம். (இதைப் படித்துவிட்டு யாரும் காளான் பறிக்கக் கிளம்ப வேண்டாம். வகைப்பாட்டுக்கான உதாரணம் மட்டுமே.)

தவறுகளை ஆராய்பவர்களும் இந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். எரிக் ஹோல்நாகல் என்ற ஆய்வாளர் உயிரியலில் இருந்தே இரண்டு சொற்களை எடுத்தார்: தவறின் புறத்தோற்றம், தவறின் மரபமைப்பு. வெளியே தெரிந்தது புறத்தோற்றம். சீக்கிரம் செய்தது, தாமதமாகச் செய்தது, வேறு பொருளில் செய்தது, படியைத் தாண்டியது, வரிசை மாற்றியது. ஏன் அப்படி என்பது மரபமைப்பு. அறிக்கையில் புறத்தோற்றத்தை மட்டும் முதலில் எழுதுங்கள். "செவிலியர் கவனக்குறைவாக வேறு மருந்தை ஏற்றினார்" என்பதில் 'கவனக்குறைவாக' என்ற சொல் நீங்கள் பார்த்ததா, நினைத்ததா? நினைத்தது என்றால் அடித்துவிடுங்கள்.

படி 4: அகரவரிசையில் தேடுங்கள், அட்டவணையில் சரிபாருங்கள்

ஐசிடியில் அகரவரிசைச் சுட்டி தனி, எண் வரிசை அட்டவணை தனி. சுட்டியில் கிடைத்த எண்ணை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அட்டவணையைத் திறந்தால் ஒவ்வொரு தலைப்பின் கீழும் 'இவை அடங்கும்', 'இவை அடங்கா' என்ற குறிப்புகள் இருக்கும். அசல் சமாச்சாரம் அங்கேதான். நிமோனியா என்று தேடினால் ஜே18 வரும். கீழே படித்தால், உணவோ வாந்தியோ மூச்சுப்பாதையில் இறங்கியதால் வந்தது என்றால் ஜே69-க்குப் போ, பிறவியிலேயே வந்தது என்றால் பிறப்புக்கால நோய்களுக்குப் போ என்று விரட்டும். விரட்டும் இடமெல்லாம் போங்கள்.

சாவுச் சான்றிதழ் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டிய விஷயம். புதிதாக வந்த மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சான்றிதழ்களில் 'இதயத் துடிப்பு நின்றது' என்ற வரியை அடிக்கடி பார்ப்பீர்கள். நிற்காமல் யாரும் இறந்ததில்லை. அந்த வரியை வைத்து யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தில் முதல் பகுதி ஒரு படிக்கட்டு. மேல் வரியில் நேரடிக் காரணம், அதன் கீழே அது எதனால், அதன் கீழே அது எதனால் என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். உதாரணமாக, மேலே 'நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி'. அதன் கீழே 'தொடை எலும்பின் கழுத்து முறிவு'. அதற்கும் கீழே 'குளியலறையில் வழுக்கி விழுந்தது'. முறையாக எழுதியிருந்தால் கடைசி வரிதான் அடிப்படைக் காரணம், புள்ளிவிவரத்தில் ஏறுவது அதுதான். இவருக்குச் சர்க்கரை நோய் இருந்து நிலைமையை மோசமாக்கியிருந்தால் அது இரண்டாம் பகுதியில் தனியாக.

இந்த வழக்கத்தின் பலனைப் பாருங்கள். மேல் வரியை எண்ணினால் ரத்தக்கட்டி மருந்துக்குப் பணம் ஒதுக்குவார்கள். கீழ் வரியை எண்ணினால் குளியலறையில் கைப்பிடி வைப்பார்கள்.

படி 5: 'மற்றவை'யும் 'குறிப்பிடப்படாதவை'யும் ஒன்றில்லை

ஐசிடி பத்தில் புள்ளிக்குப் பின் 8 வந்தால் பொதுவாக 'குறிப்பிட்ட பிற'. 9 வந்தால் 'குறிப்பிடப்படாதது'. எட்டு என்பது, நோய் என்னவென்று தெரியும், அதற்கு இங்கே தனிப் பெட்டி இல்லை என்பது. ஒன்பது என்பது, கேஸ் ஷீட்டில் எழுதவில்லை என்பது. எட்டு நிறைய வந்தால் அட்டவணையில் குறை. ஒன்பது நிறைய வந்தால் எழுதுகிறவரிடம் குறை. ஒன்பது போடும் முன் மருத்துவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

பத்தோடு பதினொன்று என்று எல்லாவற்றையும் 'மற்றவை'யில் தள்ளும் பழக்கம் லின்னேயஸுக்கும் இருந்தது. முதுகெலும்பில்லாத உயிர்களில் பூச்சி வகுப்புக்குள் வராததையெல்லாம் அவர் 'புழுக்கள்' என்ற ஒரே வகுப்பில் போட்டார். நத்தை, கணவாய், நட்சத்திர மீன் எல்லாம் புழு! பிறகு வந்தவர்கள் அதைப் பிரித்தெடுக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

படி 6: தவறு என்றால், செய்தவரின் எண்ணத்திலிருந்து தொடங்குங்கள்

'மனிதத் தவறு' என்று எழுதி மூடிவிட்ட கோப்பு, 'இதயம் நின்றது' என்ற சாவுச் சான்றிதழுக்குச் சமம்.

1947-இல் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடத்தில் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் ஒரு வேலை செய்தார்கள். கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாளும்போது நடந்த 460 தவறுகளை விமானிகளிடமிருந்து கேட்டு வாங்கினார்கள். அதுவரை எல்லாவற்றுக்கும் 'விமானியின் தவறு' என்ற ஒரே பெட்டிதான். இவர்கள் ஆறாகப் பிரித்தார்கள்: ஒரு கருவிக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்தது, தப்பான அளவுக்குத் திருப்பியது, மறந்தது, எதிர்த்திசையில் நகர்த்தியது, தெரியாமல் கை பட்டது, கைக்கு எட்டாதது. பாதியளவு முதல் பெட்டியில் விழுந்தது. அப்படிப் பிரித்த உடனே செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது: கருவிகளின் இடத்தையும் வடிவத்தையும் மாற்ற வேண்டும், விமானியைத் திட்டிப் பயனில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆல்ஃபோன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் பி-17 போர் விமானத்தில் இதையே கண்டிருந்தார். சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் இறக்கைத் தட்டியை மடக்கும் சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி. தரையிறங்கிய பிறகு தட்டிக்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். ஒன்றின் முனையில் ரப்பர் சக்கரம், இன்னொன்றில் ஆப்பு வடிவம் வைத்ததும் கையே வித்தியாசம் சொல்லிவிட்டது.

உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-இல் முழுமையாக முன்வைத்த பிரிவு இன்றும் அதிகம் பயன்படுகிறது. மூன்று கேள்விகளில் முடித்துவிடலாம்.

அவர் செய்ய நினைத்ததைத்தான் செய்தாரா? இல்லை என்றால், வேறொன்றைச் செய்துவிட்டால் அது கைப்பிசகு. ஒன்றைச் செய்யாமல் விட்டால் அது மறதி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது கைப்பிசகைத்தான். வேலை தெரியாதவரைவிடத் தெரிந்தவருக்கே இது அதிகம் வரும், கை தானாக ஓடுவதால். ஆகவே பயிற்சி வகுப்பு வைத்துப் பிரயோசனமில்லை. பொருளின் வடிவத்தை, நிறத்தை, இடத்தை மாற்றுங்கள். மறதிக்கும் அப்படியே. பல ஏடிஎம் இயந்திரங்கள் அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகே பணம் தருவது இதற்காகத்தான். பணம் கைக்கு வந்துவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று மனம் கிளம்பிவிடும்.

நினைத்ததைத்தான் செய்தார் என்றால், நினைத்தது சரியா? இல்லை என்றால் தப்புக்கணக்கு. இதிலும் இரண்டு வகை: தெரிந்த விதியைத் தப்பான இடத்தில் போடுவது, விதியே இல்லாத புது நிலைமையில் யோசித்து வழி தவறுவது. இங்கே தகவலும் பயிற்சியும் உதவும்.

விதி தெரிந்தே மீறினாரா? அப்படியென்றால் விதிமீறல். உடனே தண்டனைப் படிவத்தை எடுக்காதீர்கள். அதே விதியை அந்த இடத்தில் எத்தனை பேர் தினமும் மீறுகிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் என்றால் விதிதான் நோயாளி.

மருந்துத் தவறுகளுக்கு ஏ முதல் ஐ வரை ஒன்பது படிகள் கொண்ட அமெரிக்க அளவுகோல் ஒன்று உண்டு. தவறு நேர வாய்ப்பிருந்தது என்பது ஏ. உயிர் போனது என்பது ஐ. அது விளைவை அளக்கிறது, காரணத்தை அளக்கவில்லை. ஒரே கைப்பிசகு அதிர்ஷ்டத்தைப் பொறுத்து பியிலும் விழும், ஐயிலும் விழும். எதை முதலில் விசாரிப்பது என்று முடிவெடுக்க அது நல்லது. எப்படித் தடுப்பது என்பதற்கு மேலே சொன்ன மூன்று கேள்விகள் வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

படி 7: இரண்டு பேர், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல்

உங்கள் வகைப்பாடு தேறுமா என்று பார்க்க நூறு சம்பவங்களை எடுத்து இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். தொண்ணூறு ஒத்துப்போனால் சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். இரண்டே பெட்டி, இருவருமே நூறில் தொண்ணூறைக் 'கைப்பிசகு' என்று போடுகிறவர்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே, இருவரும் 'கைப்பிசகு' என்பது 81, இருவரும் மற்றப் பெட்டி என்பது 1, சேர்த்து 82 ஒத்துப்போகும். மிச்சம் 18-இல் அவர்கள் சம்பாதித்தது 8. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. ஜேக்கப் கோஹென் 1960-இல் சொன்ன கப்பா என்ற அளவு இதுதான். ஒன்று வந்தால் முழு ஒப்புமை, பூஜ்யம் வந்தால் குருட்டாம்போக்கு. எங்கே பிரிந்தார்கள் என்று உட்கார்ந்து பேசும்போதுதான் விதிகளில் உள்ள ஓட்டை தெரியும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி அந்த வாக்குவாதம்தான்.

படி 8: எந்தப் பதிப்பு என்று எழுதாத குறியீடு பாதிக் குறியீடு

பக்கவாதம் ஐசிடி பத்தில் ரத்த ஓட்ட நோய்களில் இருந்தது. பதினொன்றில் நரம்பு நோய்களுக்குப் போய்விட்டது. பதிப்பு மாறியதை மறந்துவிட்டு வரைபடம் போட்டால், ஒரே வருடத்தில் ரத்த ஓட்ட நோய்ச் சாவு சரிந்தது போலவும் நரம்பு நோய் வெடித்தது போலவும் தெரியும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆப்பிரிக்க யானைகளை, அழியும் ஆபத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியல் நெடுநாள் ஒரே சிற்றினமாகவே மதிப்பிட்டு வந்தது. 2021-இல் காட்டு யானை, புல்வெளி யானை என்று இரண்டாகப் பிரித்து மதிப்பிட்டபோது காட்டு யானை மிக ஆபத்தான நிலையில் இருப்பது தனியாகத் தெரிந்தது. ஒரே பெட்டியில் இருந்தவரை அந்த நிலை சராசரியில் மறைந்திருந்தது.

இன்னும் பெரிய மாற்றமும் உண்டு. ஒருபால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1990-இல் ஏற்கப்பட்ட ஐசிடி பத்தில் அது நோயாக இல்லை. முந்தைய நாள் வரை பெட்டிக்குள் இருந்தவர்கள் மறுநாள் வெளியே. மாறியது பெட்டி மட்டும். ஒரு குறியீடு போடுவது ஒருவருடைய வேலை, காப்பீடு, மானம் எல்லாவற்றையும் தொடும் என்பதை நான் புரிந்துகொண்டது இதைப் படித்தபோதுதான்.

படி 9: மூன்றையும் ஒரே சம்பவத்தில் போட்டுப் பாருங்கள்

காளான்காரரிடம் திரும்புவோம். உயிரியல் வரியில்: அமனிட்டா ஃபல்லாய்டஸ். ஆதாரம், வெள்ளை வித்து அச்சும் அடியில் கிண்ண உறையும். தண்டை மண்ணுக்கு மேலே வெட்டியெடுத்திருந்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும். அப்படியானால் அதை எழுத முடியாது. மாதிரியின் நிலையையும் குறித்து வையுங்கள்.

மருத்துவ வரியில்: காளான் விஷத்துக்கு டேங்கோ 62.0. கூடவே எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு வெளிக்காரணக் குறியீடு. தற்செயல் என்றால் எக்ஸ்49, வேண்டுமென்றே என்றால் எக்ஸ்69, தெரியவில்லை என்றால் ஒய்19. சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது என்பது கேஸ் ஷீட்டில் இருக்கிறதா பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் காளான் வாந்தியை மருத்துவர்கள் பயத்தோடு பார்ப்பார்கள். நடுவில் ஒரு நாள் தேறியதுபோல் இருந்து, அப்புறம் ஈரல் செயலிழக்கலாம். "நன்றாக இருக்கிறார்" என்று அந்த நாளில் எழுதிய வரியை வைத்துக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

தவறு வரியில் புதியவர்கள் பெரும்பாலும் 'கைப்பிசகு' என்றோ 'அறியாமை' என்றோ போடுவார்கள். மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அவர் செய்ய நினைத்ததைத்தான் செய்தார். விதியெதையும் மீறவில்லை. அவருக்கு ஒரு விதி இருந்தது, பல வருடம் சரியாக வேலை செய்த விதி. ஐரோப்பாவைச் சேர்ந்த மரணக் குல்லாய் அவர் பிறந்த பகுதியில் முளைப்பதில்லை. குடியேறிய மரங்களின் வேரோடு அது வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நல்ல விதி, தப்பான நிலம். ஆகவே விதிசார்ந்த தப்புக்கணக்கு. 'அறியாமை' என்று போட்டிருந்தால் 'காளான் ஆபத்து' என்று பொதுவாக ஒரு சுவரொட்டி ஒட்டுவார்கள். அவரைப் போன்ற அனுபவசாலி அதைத் தாண்டிப் போய்விடுவார். இப்படிப் போட்டால், புதிதாக வந்தவர்களின் மொழியில், இரண்டு காளானின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்கள் பறிக்கப் போகும் இடத்திலேயே பலகை நட வேண்டும் என்று தெரியும்.

இத்தனைக்கும் ஆதாரம் சமையலறையில் மிஞ்சிய ஒரு துண்டுதான். நோயாளியோடு வந்தவரிடம் அதை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மறுநாளே அழுகிக் கூழாகிவிடும். காகிதப் பையில் போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 'சாப்பிட வேண்டாம்' என்றும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.